தோட்டத்துக் கோவிலில் பாடகர் குழுவை நடத்துவது எப்படி

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு சின்னக் கத்தோலிக்கக் கோவிலில் தமிழ்த் திருப்பலிக்குக் கீபோர்டு வாசிக்கிறேன். பாட்டு எப்படி இருக்கிறது என்று தெரிய, பாடகர் குழுவை அல்ல, கடைசி பெஞ்சைக் கவனிப்பேன். செம்பனைத் தோட்டத்திலிருந்து வரும் பாட்டிமார் வாய் திறக்கவில்லையா? பெரும்பாலும் சுருதிதான் காரணம். யூடியூபில் பாடியவரின் சுருதி நமக்கு எதற்கு? பாட்டின் உச்சம் மேல் 'டி' (D) சுரத்தைத் தாண்டாதபடி கீபோர்டில் சுருதி மாற்றும் டிரான்ஸ்போஸ் பொத்தானால் இறக்குங்கள். காலைத் திருப்பலி என்றால் இன்னும் கொஞ்சம். பசியாறாமல் வந்த தொண்டை அல்லவா!

அப்புறம், பயிற்சி நேரம் முழுவதையும் வருகைப் பாடலே தின்றுவிடக் கூடாது. எதை முதலில் பாட வேண்டும் என்று, திருவழிபாட்டு இசை பற்றி 1967இல் ரோமிலிருந்து வந்த 'மூசிக்காம் சாக்ரம்' ஏடு வரிசை சொல்கிறது. குருவும் மக்களும் மாறி மாறிப் பாடுபவை, 'தூயவர்', ஆண்டவர் கற்பித்த செபம் ஆகியவை முதலில். 'ஆண்டவரே இரக்கமாயிரும்', 'உன்னதங்களிலே' அடுத்து. வருகைப் பாடலும் திருவிருந்துப் பாடலும் அதற்குப் பிறகுதான். ஆகவே ஒரே 'தூயவர்' மெட்டைச் சில மாதம் மாற்றாமல் வைத்திருங்கள். இளையவர்கள் முணுமுணுப்பார்கள், பரவாயில்லை. திருவிருந்துக்கு முன் 'உலகின் பாவங்களைப் போக்கும்' பாட வேண்டிய இடத்தில் வேறு சமாதானப் பாட்டைச் செருகாதீர்கள்; விதியும் அதை அனுமதிப்பதில்லை.

கீபோர்டின் தானியங்கித் தாளம் வேண்டவே வேண்டாம். கல்யாண மண்டப வாடை வந்துவிடும். தபேலா தெரிந்த ஒரு பையன் போதும். உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முன் வரும் தவக்காலத்தில் கருவிகள் பாட்டைத் தாங்க மட்டுமே. அதன் 4ஆம் ஞாயிறும் பெருவிழா, விழா நாள்களும் விலக்கு.

முதல் வாசகத்துக்குப் பின் வரும் பதிலுரைப் பாடலில்தான் நான் பிடிவாதக்காரன். மலாய்ப் பள்ளியிலும் சீனப் பள்ளியிலும் படித்த பிள்ளைகள் பலர் தமிழ் வரிகளை ரூமி எழுத்தில், அதாவது ஆங்கில எழுத்தில்தான் வாசிக்கிறார்கள். அதில் குறில் எது, நெடில் எது என்று எப்படித் தெரியும்? நெடிலுக்கு மேல் பேனாவால் ஒரு கோடு போட்டுக் கொடுங்கள். பாடும் முன் இரண்டு தடவை சும்மா வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்கும்போது பொருள் எங்கே நிற்கிறதோ, பாடும்போதும் அங்கேதான் மூச்சு. மெட்டு வளையட்டும், வசனம் வளையக் கூடாது. ழகரம் வராவிட்டால் தனியே கூப்பிட்டுத் திருத்துங்கள். எல்லார் முன்னாலும் திருத்தினால் அடுத்த வாரம் ஆள் வராது.

புதன்கிழமைக்குள் உங்கள் சுருதியிலேயே கைப்பேசியில் பாடிப் பதிந்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். ஈப்போவில் வேலை முடிந்து சனிக்கிழமை தாமதமாக வருபவர்கள் காரிலேயே பழகிக்கொள்வார்கள்.