சீட்டுக்கு அடியில் ஒரு சப்வூஃபர்

எங்கள் காரில் டிக்கி சிறியது. ஊரிலிருந்து திரும்பும்போது அரிசி மூட்டை, தேங்காய் எல்லாம் ஏறியாக வேண்டும். அதனால் ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கும், சீட்டுக்கு அடியில் வைக்கிற 8 அங்குல சப்வூஃபரை, அதாவது கனத்த தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள ஸ்பீக்கரைத் தேடினேன்.

கடைக்குப் போகும் முன் அளவு நாடாவை எடுங்கள். சீட்டில் ஆளை உட்கார வைத்துத்தான் அளக்க வேண்டும். நான் காலி சீட்டை அளந்துவிட்டேன். அப்பா உட்கார்ந்ததும் சீட்டின் கம்பி இறங்கி, பெட்டியின் மூடியில் கரகரவென்று உரசியது. மாற்றி, 7 செ.மீ. உயரமுள்ளதை வாங்க வேண்டியதாயிற்று. பின்சீட்டுக்குப் போகும் ஏசி குழாய் அடியில் இருக்கிறதா என்றும் குனிந்து பாருங்கள்.

அட்டையில் கொட்டை எழுத்தில் இருக்கும் 'மேக்ஸ்' வாட்ஸை நம்பாதீர்கள். தொடர்ந்து தாங்கும் பவரைச் சொல்லும் ஆர்எம்எஸ் எண்தான் கணக்கு. சின்ன காருக்கு 100 முதல் 150 தாராளம்.

பவர் வயர் பேட்டரியிலிருந்து நேராக வரட்டும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் கட்டாயம். எர்த் வயரை பெயின்ட் சுரண்டிய இரும்பில் முடுக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் தாழ்ந்த ஒலியை மட்டும் விடும் லோ பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் வைத்து, தவில் கச்சேரி ஒன்றைப் போடுங்கள். சப்வூஃபரின் ஒலியை மற்ற ஸ்பீக்கர்களோடு இசைய வைக்கும் ஃபேஸ் சுவிட்சை இரண்டு பக்கமும் மாற்றிப் பார்த்து, தவிலின் கனத்த ஒலிப் பக்கமான தொப்பியின் அடி எதில் கனமாக விழுகிறதோ அதிலேயே விட்டுவிடுங்கள்.