மைகோலிக் அமிலம் உருவாகும் பாதையை ஒரே தாளில் வரைவது எப்படி?

காசநோய்க் கிருமியின் மேலுறைக்கு மெழுகுத் தன்மை தருவது மைகோலிக் அமிலம். அது உருவாகும் பாதையை வரையப் பார்த்து மூன்று தாளைக் கிழித்தேன்; நான்காவதில்தான் சரியாக வந்தது. அசிட்டைல், மலோனைல் (சங்கிலி கட்ட உதவும் சிறு கார்பன் துண்டுகள்), கோஏ (அவற்றைச் சுமக்கும் மூலக்கூறு) எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். பென்சிலும் படுக்கைவாக்கில் வைத்த தாளும் போதும். வரைகலை மென்பொருளைத் தொடாதீர்கள், அம்புக்குறியை நேராக்குவதிலேயே ஒரு மாலை போய்விடும்.

படி 1: இடது ஓரத்தில் ஃபாஸ்-1 என்று ஒரு பெட்டி. கொழுப்பு அமிலச் சங்கிலியைத் தொடங்கிக் கட்டும் நொதி இது. அத்தனை வேலையையும் ஒரே பெரிய புரதம் செய்கிறது.

படி 2: நான் சறுக்கிய இடம் இது. ஃபாஸ்-1இலிருந்து ஃபாஸ்-2க்கு (சங்கிலியை மேலும் நீட்டும் நொதிக் கூட்டம்) ஒரே ஒரு அம்பு போட்டிருந்தேன். கடைசியில் வந்து ஒட்டும் கிளை எங்கிருந்து முளைத்தது என்று புரியாமல் விழித்தேன். ஃபாஸ்-1 இரண்டு அளவில் சரக்கு தருகிறது: 16–18 கார்பன் ஒன்று, 24–26 கார்பன் இன்னொன்று. ஆகவே இரண்டு அம்பு. குட்டைச் சங்கிலி மேலே, ஃபாஸ்-2க்கு. நீளமானது கீழே காத்திருக்கட்டும். அந்தக் கிளை அதுதான்.

படி 3: ஃபாஸ்-2க்குப் புதிதாகத் தொடங்கத் தெரியாது, வந்ததை நீட்டத்தான் தெரியும். வாசலில் ஃபேப்எச் நொதி, குட்டைச் சங்கிலியை ஏசிபிஎம் என்ற சுமைப் புரதம் சுமக்கும் மலோனைலோடு சேர்க்கிறது. உள்ளே ஒரு வட்டம் போடுங்கள்: மாப்ஏ, ஹேட், இன்ஹா, காஸ் என்று நொதிகள். ஒரு சுற்றுக்கு 2 கார்பன் கூடும். சுற்றிச் சுற்றி 50ஐத் தாண்டும்.

படி 4: நீண்டு வந்ததை ஃபாட்டி32 நொதி தயார் செய்ய, கீழே காத்திருந்த சங்கிலியோடு பிகேஎஸ்13 நொதி இணைக்கிறது. மொத்தம் 70–90 கார்பன். நம் உடம்புக் கொழுப்பில் பெரும்பாலும் 16, 18தான்!

படி 5: டிரிஹலோஸ் சர்க்கரையில் ஏறியதை வெளியே அனுப்புவது எம்எம்பிஎல்3 என்ற கடத்துப் புரதம். உறையில் பதிப்பது ஏஜி85 நொதிகள்.

பின்சேர்க்கை: ஐசோனியசிட் என்ற காசநோய் மருந்தை எங்கே போடுவது என்று பலர் கேட்டிருந்தீர்கள். நேராக இன்ஹாவில் போட்டால் தப்பு. கிருமியின் காட்ஜி நொதிதான் அதை முதலில் உசுப்பிவிடுகிறது. பிறகு என்ஏடி என்ற துணை மூலக்கூறோடு ஒட்டிக்கொண்டு போய் இன்ஹாவை அடைக்கிறது. காட்ஜி பழுதானால் இன்ஹா அப்படியே இருந்தும் மருந்து வேலை செய்யாது. அதனால் சிவப்பு அம்பை காட்ஜியிலிருந்து தொடங்குங்கள். எத்தியோனமைடு என்ற இன்னொரு காசநோய் மருந்தும் அடைப்பது இன்ஹாவைத்தான், ஆனால் அந்த மருந்தை உசுப்புவது எத்ஏ நொதி. அதற்கு வேறு நிறம்.