கதை சொல்லி விற்பவர்கள் சறுக்கும் இடங்கள்

பினாங்கு லெபோ பாசாரில் எங்கள் அப்பாவுக்கு மசாலாக் கடை இருந்தது. பள்ளி விட்டு வந்ததும் பொட்டலம் கட்ட உட்கார்ந்துவிடுவேன். இப்போது நான் இருப்பது கோலாலம்பூரில். சிறு வியாபாரம் தொடங்கும் நம்மவர்களுக்கு, அதிலும் வீட்டிலிருந்தே பலகாரம், சேலை, சோப்பு விற்கும் பெண்களுக்கு, விளம்பரத்தில் என்ன எழுதுவது, வாங்க வருபவரிடம் எப்படிப் பேசுவது என்று சொல்லிக்கொடுக்கிறேன். கொஞ்ச காலமாக எல்லோரும் ஒரே பேச்சோடு வருகிறார்கள்: "கதை சொல்லித்தான் விற்கணுமாமே அண்ணே?"

உண்மைதான். கதைக்கு அந்தச் சக்தி உண்டு. ஆனால் அவர்கள் எழுதிக்கொண்டு வரும் கதைகளைப் படித்துப் பார்த்தால், திரும்பத் திரும்ப அதே சில இடங்களில்தான் கால் வழுக்கியிருக்கும். அவற்றில் முதல் இடத்தில் நானே விழுந்திருக்கிறேன் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நம் தாத்தாவின் கதை

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அப்பா சாப்பிடப் போயிருந்தார். ஒரு சீன அம்மா வந்து மீன் கறித்தூள் கேட்டார். நம் தூளின் பெருமையைச் சொல்ல நல்ல சமயம் என்று நினைத்து, தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியது, இங்கே துறைமுகத்தில் மூட்டை தூக்கியது, காசு சேர்த்து அரைவை மெஷின் வாங்கியது என்று மலாய் மொழியில் விரிவாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "அப்புறம் வருகிறேன்" என்று கிளம்பிவிட்டார்.

கடை வாசல் நடைபாதையில் (ஐந்தடி என்போம்) அப்பா எதிரே வந்தார். "என்ன மீன் வாங்கியிருக்கீங்க?" என்று மட்டும் கேட்டார். அந்த அம்மா கையிலிருந்த பையைத் திறந்து காட்டினார். தெங்கிரி. "போன தடவை வைத்தேன், கசந்துபோச்சு" என்றார். தூளை அப்படியே எண்ணெயில் போட்டீர்களா என்று அப்பா கேட்க, ஆமாம் என்றார். அதற்குப் பிறகுதான் அப்பா கதைக்கே வந்தார்.

"ரெண்டு வாரம் முன்னாடி ஒரு மலாய்க்காரப் பொண்ணு வந்துச்சு. புதுசா கல்யாணம் ஆன பொண்ணு. மாமியார் வீட்டுல முதல் சமையல். எண்ணெய் புகையிற நேரத்துல தூளைக் கொட்டிருச்சு. கருகி, குழம்பு கசந்து, சட்டியோட ஊத்திட்டாங்களாம். தூளைத் தண்ணியில குழைச்சுக்கோ, நெருப்பைக் குறைச்சு வை, எண்ணெய் பிரிஞ்சு மேல வர்ற வரைக்கும் வதக்குன்னு சொன்னேன். போன வெள்ளிக்கிழமை மாமியாரையே கூட்டிட்டு வந்துச்சு."

சீன அம்மா இரண்டு பொட்டலம் வாங்கினார்.

தாத்தாவின் கதையில் எனக்கு எவ்வளவு உயிர் இருந்தாலும், அந்த அம்மாவுக்கு நிற்க அதில் இடமில்லை. மலாய்க்காரப் பெண்ணின் அடுப்படியில் அவரால் தன்னையே பார்க்க முடிந்தது. அதே புகை, அதே கசப்பு, அதே வெட்கம். அப்பா ஒரு கேள்வி கேட்டு, அவர் கதையைத் தெரிந்துகொண்டு, அதற்குப் பொருந்துகிற கதையை எடுத்துக் கொடுத்தார். நான் கேட்காமலே சொன்னேன். இந்தத் தொழிலில் நான் பார்க்கும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவைதான்.

அதற்காகத் தாத்தாவை மறந்துவிடச் சொல்லவில்லை. "எத்தனை வருஷமா கடை வச்சிருக்கீங்க?" என்று ஒருவர் கேட்டால், அது அவருடைய நேரம். சரக்கின் தரத்துக்கு அந்தப் பழைய கதை காரணம் சொல்லுமானாலும் சொல்லலாம். "ஈரமல்லி அரைத்து ஒரு தடவை முழு மூட்டையும் பூத்துப்போனது, அன்றிலிருந்து தாத்தா வெயிலில் காயாத மல்லியைத் தொட மாட்டார்" என்பது இன்று வாங்குபவருக்கும் உதவும் கதை. ஆனால் ஜார்ஜ் டவுன் மாதிரி ஊரில், 2008-இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்ந்த தெருக்களில், கப்பலேறி வந்த தாத்தா இல்லாத கடை ஏது? பக்கத்துக் கடையும் அதையேதான் சொல்லும்.

அழவைத்துவிட்டு விலையைச் சொல்லாமல் போவது

பெரிய நிறுவனங்களின் பண்டிகை விளம்பரங்களைப் பார்த்து அதே மாதிரி எடுக்க ஆசைப்படுவது அடுத்தது. மறைந்த இயக்குநர் யாஸ்மின் அகமது, மலேசிய எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸுக்கு எடுத்த தீபாவளி, சீனப் புத்தாண்டு, சுதந்திர தின விளம்பரங்கள் இந்நாட்டுக்காரர்கள் பலருக்கு இன்றும் கண்ணில் நிற்கும். எண்ணெய் விற்கும் பேச்சே அவற்றில் இருக்காது. இருக்கவும் தேவையில்லை. பெட்ரோனாஸ் என்றால் என்ன, எங்கே கிடைக்கும் என்று தெரியாதவர் யாருமில்லை. அந்தப் பெயர் மேல் ஒரு பாசம் வந்தால் போதும் என்ற நிலையில் இருப்பவர்கள் எடுத்த படம் அது.

பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் வீட்டில் முறுக்கு பிழியும் ஒரு அக்கா அதைப் போல மூன்று நிமிட வீடியோ எடுத்தார். வயதான தாய், வெளிநாட்டில் மகன், காலியான வாசல், கடைசியில் தீபாவளி வாழ்த்து. உண்மையிலேயே அழகாக இருந்தது. வாட்ஸ்அப்பில் எத்தனையோ பேர் அழுத முகம் போட்டார்கள். ஆர்டர் மட்டும் வரவில்லை. முறுக்கு யார் செய்தது, டின் எத்தனை வெள்ளி (ரிங்கிட்), எந்தத் தேதிக்குள் சொல்ல வேண்டும், எதுவுமே அதில் இல்லை.

அந்த அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன். அவருடைய வாடிக்கையாளர் ஒரு தாத்தா, பல் போனவர், போன வருஷம் முறுக்கு டின்னைக் கையில் வைத்துக்கொண்டு, "எனக்கு இனி வாசனை மட்டும்தானாம்மா?" என்றாராம். அவருக்காகவே வெண்ணெயைக் கூட்டிப் போட்டு, வாயில் வைத்தால் பொலபொலவென்று உதிர்வது போல் ஒரு ஈடு சுட்டுக் கொடுத்திருக்கிறார். "இதை ஏன்க்கா எழுதலை?" என்றேன். "இது ஒரு கதையா?" என்று அவருக்கு ஆச்சரியம். நாலே வரியில் எழுதினோம். கீழே விலை, கடைசித் தேதி, போன் நம்பர். அந்த வருஷம் மெது முறுக்குக்கென்று தனியாக ஒரு தாள் போட்டு ஆர்டர் எழுத வேண்டியதாயிற்று. வீட்டுக்கு வீடு பல் போன ஒரு பெரியவர் இருக்கிறார்.

ஒருவரைக் காட்டாமல் கூட்டத்தைக் காட்டுவது

"ஆயிரக்கணக்கானோர் பயன்பெற்றுள்ளனர்" என்ற வரியைப் பார்த்தாலே எனக்குக் கை பேனாவைத் தேடும். எண் பெரிதாக இருந்தால் நம்பிக்கை வரும் என்று நினைக்கிறோம். மனம் அப்படி வேலை செய்வதில்லை. டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டீன், பால் ஸ்லோவிக் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் மூவர் 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வேறொரு வேலைக்கென்று கொடுத்த 5 டாலரிலிருந்து நன்கொடை கேட்டார்கள். ஆப்பிரிக்காவின் பசிக் கொடுமையைப் புள்ளிவிவரமாகப் படித்தவர்கள் சராசரியாக 1.14 டாலர் கொடுத்தார்கள். மாலி நாட்டில் ரோக்கியா என்ற ஏழு வயதுச் சிறுமியைப் பற்றி மட்டும் படித்தவர்கள் கொடுத்தது 2.38 டாலர். நான் எல்லோரிடமும் சொல்வது மூன்றாவது எண்ணைத்தான்: ரோக்கியாவின் கதையோடு புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் கொடுத்தபோது தொகை 1.43-க்கு இறங்கிவிட்டது. கதையின் நடுவே எண்களைக் கொட்டினால் கதைக்கு வலு கூடும் என்று எண்ணுகிறவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும். எண்ணைச் சொல்லத்தான் வேண்டுமென்றால், கதை முடிந்து வாங்குபவர் கணக்குக் கேட்கும்போது சொல்லலாம்.

பொய்

இதில் எனக்கு விட்டுக்கொடுக்கிற மனசே கிடையாது. "கதைதானே அண்ணே, கொஞ்சம் ஜோடித்தால் என்ன?" என்று கேட்கிறார்கள். கதையின் சக்தியைக் காட்ட அடிக்கடி எடுத்துச் சொல்லப்படும் ஒரு சோதனை உண்டு. அமெரிக்காவில் ராப் வாக்கர், ஜோஷுவா கிளென் இருவரும் 2009-இல் பழைய பொருள் கடைகளில் நூறு உதவாக்கரைச் சாமான்களைச் சுமார் 129 டாலருக்கு வாங்கினார்கள். எழுத்தாளர்களிடம் கொடுத்து ஒவ்வொன்றுக்கும் கற்பனைக் கதை எழுதி வாங்கி இபேயில் ஏலம் விட்டார்கள். 3,600 டாலருக்கு மேல் வந்தது. இதைச் சொல்கிற பலர் பாதியை விட்டுவிடுகிறார்கள்: அந்தக் கதைகள் கற்பனை என்று வாங்குபவர்களிடம் மறைக்கவே இல்லை. எழுதியவர் பெயரோடுதான் ஏலம் நடந்தது. கதை என்று தெரிந்தே, கதைக்காகவே காசு கொடுத்தார்கள். நடந்ததாகச் சொல்லி நடக்காததை விற்பது வேறு சங்கதி.

நம் மலேசியாவில் அதற்குச் சட்டமும் இருக்கிறது. 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், பொருளைப் பற்றிப் பொய்யாகவோ தவறான எண்ணம் வரும்படியோ சொல்வதைத் தடுக்கிறது. ஏமாந்தவர் 5 வெள்ளி கட்டிப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரைக்கும் வழக்குப் போடலாம். நோய் விஷயம் இன்னும் கடுமை. இனிப்பு நீர் (நீரிழிவு), இரத்த அழுத்தம், புற்றுநோய் உட்பட 20 நோய்களைக் குணப்படுத்துவதாகப் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்யவே 1956-இன் மருந்து விளம்பரச் சட்டம் விடுவதில்லை. "எங்கள் கஷாயம் குடித்த ஒரு அம்மா இன்சுலினை நிறுத்திவிட்டார்" என்று எழுதிக்கொண்டு வந்த தம்பி ஒருவரிடம் அந்தத் தாளை அங்கேயே கிழிக்கச் சொன்னேன். சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. அதைப் படித்துவிட்டு யாரோ ஒரு அம்மா தன் ஊசியை நிறுத்துவாரே, அவரை நினைத்துத்தான் சொன்னேன்.

மேடையில் சொல்லப்படும் உண்மைக் கதையும் பொய்யாக முடியலாம். நேரடி விற்பனைக் கூட்டங்களுக்குப் போனவர்களுக்குத் தெரியும். "நானும் ஒரு காலத்தில் மோட்டாரில் போனவன்தான், இன்று மெர்சிடிஸ் ஓட்டுகிறேன்" என்று ஒருவர் பேசுவார். அவர் சொல்வது நடந்ததாகவே இருக்கட்டும். அதே வருஷம் சேர்ந்து, வீட்டு அறை நிறையப் பெட்டிகளோடும் கடனோடும் நின்றுபோனவர்களை அந்த மேடைக்கு அழைப்பதில்லை. தோட்டம் விட்டுப் பட்டணம் வந்த குடும்பங்கள் இப்படி நகையை அடகு வைத்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒருவரைக் காட்டு என்று மேலே சொன்ன நானே இதையும் சொல்லியாக வேண்டும்: நீங்கள் காட்டுகிற அந்த ஒருவர், உங்களிடம் வாங்கியவர்களில் சாதாரணமாகப் பார்க்கக் கூடியவராக இருக்க வேண்டும்.

கேட்காமல் எடுத்த கதை

வாடிக்கையாளர் மனம் விட்டுச் சொன்னதை மறுநாள் ஸ்டேட்டஸில் போட்டுவிடுகிறார்கள். "பெயர் போடலையே" என்பார்கள். இன்ன தாமானில் (குடியிருப்பில்) இருக்கும் ஆசிரியை, இரட்டைக் குழந்தைகளின் தாய், பிரசவத்துக்குப் பின் முடி கொட்டியது என்று எழுதினால் பெயர் எதற்கு? நம் சமூகம் சிறியது. சாயங்காலத்துக்குள் யார் என்று தெரிந்துவிடும். தனிநபர் தகவலுக்கு 2010-இல் தனிச் சட்டமே வந்தாயிற்று. அதைவிட, "இதை எழுதலாமா?" என்று கேட்டால் பெரும்பாலும் சந்தோஷமாகச் சம்மதிக்கிறார்கள். சிலர் ஒரு விவரத்தை மட்டும் மாற்றச் சொல்வார்கள். எழுதியதை அவரிடம் காட்டிவிட்டுப் போடுவதே முறை.

நேரம் தெரியாமல் சொல்வதும் உண்டு. ஜாலான் மஸ்ஜித் இந்தியா துணிக்கடையில் நோன்புப் பெருநாளுக்கு முந்தைய வாரம், கையில் நாலு பை, காருக்குப் பார்க்கிங் நேரம் முடிகிறது, அந்த மலாய்ப் பெண்ணிடம் காஞ்சிபுரத்துத் தறியைப் பற்றிப் பேசுகிறார்கள். அவருக்குத் தெரிய வேண்டியது, இந்தத் துணியில் பாஜு கூரோங் (மலாய்ப் பெண்களின் உடை) தைத்தால் துவைத்த பிறகு சாயம் போகுமா என்பது. "என் அக்கா போன வருஷம் தைத்தாங்க, நாலு தடவை மெஷினில் போட்டாச்சு, இதோ போட்டோ." அவ்வளவு போதும், அதுவும் கதைதான்.

சரி, இத்தனை கதைக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். அப்பாவிடம் ஒரு 555 நோட்டு இருந்தது. எல்லாக் கடையிலும் கடன் எழுத வைத்திருப்பார்களே, அந்தச் சின்ன நோட்டு. முன்பக்கம் கடன். அதையே திருப்பி வைத்து, பின்பக்கத்திலிருந்து வேறு கணக்கு எழுதி வருவார். "மருமகள், கருகியது, மாமியார் வந்தார்." "தாமான் டீச்சர், ஆட்டுக்கறி, காரம் குறைவு." நாலைந்து சொல்தான் இருக்கும். யார் எதற்காக வந்தார், என்ன ஆயிற்று என்பது அதில் இருக்கும்.

அந்தச் சீன அம்மா மூன்று வாரம் கழித்து மறுபடி வந்தார். அப்பா கடையில் இல்லை. நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். "தெங்கிரி, கசப்பு, குழைக்கச் சொன்னேன்" என்றிருந்தது.

"தெங்கிரிக் குழம்பு கசக்காமல் வந்துச்சா?" என்று கேட்டேன்.

கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு அவர் சொல்ல ஆரம்பித்தார்.