ஈசிஎம் ஃபிளாஷ்: வண்டியைப் படுக்க வைக்கும் தவறுகள்

வண்டியின் ஈசிஎம்முக்கு, அதாவது இன்ஜினை ஓட்டும் கம்ப்யூட்டருக்கு, லேப்டாப் வழியாகப் புது புரோகிராம் ஏற்றிக்கொண்டிருக்கிறீர்கள். இதுதான் ஃபிளாஷ். லேப்டாப்பில் பார் 70 சதவீதத்தில் நிற்கிறது. ரேடியேட்டர் ஃபேன் திடீரென்று முழு வேகத்தில் இரைகிறது. டேஷ்போர்டில் இருக்கிற லைட்டெல்லாம் எரிகிறது. பக்கத்தில் நிற்பவர், "சாவிய ஒருக்கா ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்" என்கிறார். தயவுசெய்து அந்தச் சாவியைத் தொடாதீர்கள்.

ஃபிளாஷ் செய்யும்போது முதலில் பழைய புரோகிராம் அழிக்கப்படும். பிறகுதான் புதியது துண்டு துண்டாக இறங்கும். நடுவில் இருக்கிற அந்த நேரத்தில் ஈசிஎம்முக்குள் இன்ஜினை ஓட்டும் புரோகிராமே கிடையாது. பூட்லோடர் என்கிற சின்னப் பகுதி மட்டும் விழித்திருந்து, லேப்டாப்பை வண்டியோடு இணைக்கும் டூலோடு பேசிக்கொண்டிருக்கும். ஈசிஎம்மிடமிருந்து கட்டளை வராததால் பல வண்டிகளில் ஃபேன் பாதுகாப்புக்காகத் தானே ஓடும். அதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை.

பதற வேண்டியது அந்த ஃபேன் இழுக்கும் கரண்டைப் பார்த்து. ஃபேன் மட்டுமே 20, 30 ஆம்பியர் இழுக்கும். மீட்டரில் 12.6 வோல்ட் காட்டுகிறதே என்று வெறும் பேட்டரியை நம்பி ஆரம்பித்தால், பாதி வழியில் 12-க்குக் கீழே போய்விடும், புரோகிராம் எழுதுவதும் அங்கேயே நின்றுவிடும். 13 முதல் 13.5 வோல்ட்டில் ஆடாமல் நிற்கிற, குறைந்தது 50 ஆம்பியர் தருகிற பவர் சப்ளை வேண்டும். ஷெட்டில் கிடக்கும் பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜர் இதற்கு ஆகாது. அது 15 வோல்ட்டுக்கு மேலும் ஏற்றும், கூடவே ஏசி அலையையும் கலந்து அனுப்பும். நல்ல மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து பேட்டரி முனையில் அளந்தால் இது தெரிந்துவிடும். ஓடுகிற இன்னொரு வண்டியிலிருந்து ஜம்பர் போடுவதும் வேண்டாம்.

நாமக்கல், சங்ககிரி லாரிகளிலும் திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிகளிலும் இரண்டு பேட்டரி தொடராக இணைந்து 24 வோல்ட் வருகிறது. 12 வோல்ட் சப்ளையை அதில் ஒரு பேட்டரிக்கு மட்டும் மாட்டுவது பெரிய தப்பு. ஒன்று ஏறும், மற்றது இறங்கும். 24 வோல்ட்டுக்கான சப்ளையைத்தான் இரண்டுக்கும் சேர்த்துப் போட வேண்டும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை உங்கள் பகுதிக்கு எந்த நாள் என்று முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு ஃபிளாஷ் வேலையே எடுக்காதீர்கள்.

லேப்டாப்பில் ஸ்லீப், விண்டோஸ் அப்டேட் இரண்டையும் நிறுத்திவிட்டு, சார்ஜரில் போட்டு வையுங்கள். புளூடூத் வேண்டாம், கேபிள்தான். ஹெட்லைட், ஏசி, ப்ளோயர் எல்லாம் ஆஃப். இடையில் கதவைத் திறந்து மூடாதீர்கள்.

டூலை மாட்டும் ஓபிடி போர்ட்டை ஒரு நிமிடம் அளக்காமல் ஆரம்பிப்பவர்கள் ஏராளம். 16-ஆம் பின்னில் பேட்டரி வோல்ட் முழுதாக வர வேண்டும். 4, 5 இரண்டும் எர்த். பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிட்டு 6-க்கும் 14-க்கும் நடுவே அளந்தால் 60 ஓம் அளவில் காட்ட வேண்டும். 120 காட்டினால், வண்டியின் கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் இரட்டை ஒயரான கேன் லைனில் ஒரு முனை அறுந்திருக்கிறது. போர்ட்டுக்கும் ஈசிஎம்முக்கும் நடுவே கேட்வே என்ற இன்னொரு பெட்டி உள்ள வண்டிகளில் இந்த அளவு மாறலாம். எர்த் கெட்டுப்போனதாலோ ஒயர் அரிபட்டதாலோ வருகிற குறைக்கு ஃபிளாஷ் மருந்தாகாது. முதலில் ஒயரைப் பாருங்கள்.

அடுத்தது ஏற்றப்போகும் ஃபைல். ஒரே மாடல், ஒரே வருஷம் என்பது போதாது. ஈசிஎம்மின் ஹார்டுவேர் நம்பர், சாஃப்ட்வேர் நம்பர் இரண்டும் பொருந்த வேண்டும். ஒரிஜினல் ஃபைலைப் படித்து, வண்டி நம்பரும் தேதியும் போட்டு இரண்டு இடத்தில் சேமித்த பிறகுதான் எழுத வேண்டும். ஃபைலை மாற்றினால், அது சரியா என்று ஈசிஎம் சோதிக்கும் கூட்டுத்தொகையான செக்சம் சரிசெய்யாமல் இறக்காதீர்கள், வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். விலை குறைவு என்று வாங்கும் நகல் டூல்கள் பாதியில் தொடர்பை அறுத்துவிடும். கோவை உக்கடத்தில் வாங்கிய பழைய ஈசிஎம்மை மாட்டினால், அதில் வேறு வண்டியின் சேஸிஸ் நம்பரும், சாவியை அடையாளம் காணும் இம்மொபிலைசர் பதிவும் இருக்கும். வெறும் ஃபிளாஷில் அது மாறும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

டீசல் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டியான டிபிஎஃப்பைக் கழற்றிவிட்டு அதை மறைக்க ஃபைல் கேட்டு வருவார்கள். செய்யாதீர்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 மாசு விதி வந்ததே அந்தப் புகையைப் பிடித்து வைக்கத்தான். அதைக் கழற்றினால் அந்தப் புகை நம் ஊர்ப் பிள்ளைகள் மூச்சில்தான் போகும்.

புரோகிராம் எழுதுவது பாதியில் நின்றுவிட்டால் இக்னிஷன் ஆனிலேயே இருக்கட்டும், சப்ளையும் இருக்கட்டும். கேபிளைச் சரிபார்த்து அதே ஃபைலை மறுபடி அனுப்புங்கள். பூட்லோடர் உயிரோடு இருந்தால் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும். அதுவும் எடுக்கவில்லை என்றால் ஈசிஎம்மைக் கழற்றி பெஞ்சில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

முடிந்ததும் டூல் சொல்லும்போது இக்னிஷனை ஆஃப் செய்து, அது கேட்கிற நேரம் காத்திருங்கள். ஈசிஎம் அப்போதுதான் தன் நினைவைப் பதிந்துவிட்டுத் தூங்கப் போகும். பிறகு எரர் குறியீடுகளை அழித்து, த்ராட்டிலின் நிலையை ஈசிஎம் புதிதாகக் கற்க ரீலேர்ன் கொடுங்கள். காமன் ரெயில் டீசல் என்றால் இன்ஜெக்டர் தலையில் பொறித்திருக்கும் குறியீடுகளை ஃபிளாஷுக்கு முன்பே சிலிண்டர் வரிசைப்படி எழுதி வைத்து, இப்போது திரும்ப ஏற்றுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் ஐடிலில் வண்டி தட்டும், புகை வரும், பழி ஃபைல் மேல் விழும்.