வீட்டு ஷெட்டில் ஆர்க் வெல்டிங்: 6 மி.மீ. பட்டையில் முதல் ஜாயின்ட்

இரும்புக் கடையில் 50க்கு 6 (அகலம் 50, கனம் 6 மி.மீ.) எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) பட்டை ஒரு மீட்டர் வாங்கி, 150 மி.மீ. நீளத்தில் ஆறு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். மூன்று ஜோடி கிடைக்கும். கேட், கிரில் எல்லாம் இந்த மூன்று ஜோடி முடிந்த பிறகு.

மெஷின் சிங்கிள் ஃபேஸ் இன்வெர்ட்டர், 200 ஆம்ப் போதும். நமக்குத் தேவை 80 ஆம்ப்தான். அதைவிடப் பெரியது வாங்கும் பணத்தை ஹெல்மெட்டில் போடுங்கள். தானாகக் கறுக்கும் கண்ணாடி உள்ளதுதான் என் தேர்வு, ஷேடு (கறுப்பின் அளவு) 10 அல்லது 11. கையில் பிடிக்கும் தட்டு வேண்டாம். புதிதாகப் பழகுபவருக்கு ஹோல்டரை (ராடைப் பிடிக்கும் கைப்பிடி) தாங்க இடது கையும் தேவை. ராடு (பூச்சுள்ள வெல்டிங் கம்பி) 6013 வகை, 2.5 மி.மீ. கனம். 7018 வலுவானது என்று கடையில் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் அது ஈரத்தை இழுக்கும், ஈரம் பட்டால் 300 டிகிரிக்கு மேல் ஓவனில் காயவைக்க வேண்டும். வீட்டில் அதற்கு வசதி இராது. 6013 மழைக்காலத்தில் நமுத்திருந்தால் 100 டிகிரி அளவில் ஒரு மணி நேரம் காட்டினால் போதும்.

பருத்திச் சட்டை, தோல் கையுறை, மூடிய ஷூ. பேன்ட் மடிப்பை இறக்கிவிடுங்கள், பொறி அதற்குள்தான் போய் உட்காரும். காலடியில் காய்ந்த பலகை. வெறும் கண்ணால் ஆர்க்கைப் பார்த்தால் அப்போது ஒன்றும் தெரியாது. ஆறேழு மணி நேரம் கழித்து, பெரும்பாலும் நடு இரவில், கண்ணில் மணல் கொட்டியதுபோல் உறுத்தும். பால், உருளைக்கிழங்குத் துண்டு என்று கைவைத்தியம் செய்யாமல் கண் டாக்டரிடம் போங்கள். பக்கத்தில் பிள்ளைகள் நின்றால் வேலையை நிறுத்துங்கள்.

விளிம்பு, டேக்

ஒட்டப்போகும் 150 மி.மீ. விளிம்பு இரண்டையும் கிரைண்டரால் 30 டிகிரி சரிவாகத் தேய்க்கவும். கத்திபோல் கூராக்க வேண்டாம்; அடியில் ஒன்றரை மி.மீ. மட்டம் இருக்கட்டும், இல்லாவிட்டால் ஓட்டை விழும். விளிம்பிலிருந்து 20 மி.மீ. வரை கறுப்புத் தோல் போய் வெள்ளி நிறம் வரவேண்டும். எர்த் கிளாம்ப் பிடிக்கும் இடத்திலும் அப்படியே. பெயின்ட் மேல் கிளாம்ப் போட்டுவிட்டு மெஷினைக் குறை சொல்பவர்கள் நிறைய.

இரண்டு ஹேக்ஸா பிளேடைச் சேர்த்து இடையில் செருகினால் இடைவெளி சரியாக இருக்கும். டேக்கை (பட்டை நகராமல் பிடிக்கும் சிறு ஒட்டு) முதலில் இரு முனைகளிலும், பிறகு நடுவில், ஒவ்வொன்றும் 10 மி.மீ. நீளத்துக்குப் போடவும். இரு சரிவும் சேர்ந்த V பக்கம் ஆறும்போது சுருங்கிப் பட்டையின் வெளி ஓரங்களை மேலே தூக்கும். அதற்கு முன்கூட்டியே எதிர்ப்பக்கம் பட்டைக்கு மூன்றரை டிகிரி அளவில் வளைவு கொடுக்க வேண்டும்: பூச்சு தட்டிய 2.5 மி.மீ. ராடு இரண்டை, இணைப்பிலிருந்து 10 மி.மீ. தள்ளி இருபக்கமும் அடியில் வைத்து, வெளி ஓரங்கள் மேஜையில் படும்படி கிளாம்ப் செய்யவும்.

பீட் (வெல்டு வரி) ஓட்டுவது

80 ஆம்ப். தீக்குச்சி கிழிப்பதுபோல் உரசி, பற்றியதும் சற்றே தூக்க வேண்டும். ராடு ஒட்டிக்கொண்டால் கையை முறுக்கி இழுங்கள்; வரவில்லை என்றால் ஹோல்டரிலிருந்து ராடை விடுவித்துவிடுங்கள்.

ஆர்க்கின் நீளம் ராடின் கனம் அளவே, அதாவது 2.5 மி.மீ. ராடு எரிந்து குறைந்துகொண்டே வரும் என்பதால் கை முன்னே நகர்வதோடு கீழேயும் இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். இறங்க மறந்தால் ஆர்க் நீளும், பொறி சிதறும், ஓரத்தில் பள்ளம் விழும். நகரும் திசைப் பக்கம் ராடின் மேல்முனை 15 டிகிரி சாயட்டும், நுனி போட்டுமுடித்த பீடைப் பார்க்கட்டும்.

பெரும்பாலானோர் மாட்டிக்கொள்வது இதற்கு அடுத்த இடத்தில். வெளிச்சத்தைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது ஆர்க்குக்குப் பின்னால் இருக்கும் குளத்தை. அதில் இரண்டு திரவம் உண்டு. உருகிய இரும்பு கண்ணாடிபோல் வழவழவென்று இருக்கும். அதன் மேல் ஸ்லாக், அதாவது ராடின் பூச்சு உருகிய கசடு, கூழ்போல் நெளிந்து மிதக்கும். இரும்பின் முன்விளிம்பு எப்போதும் தெரிய வேண்டும், ஸ்லாக் பின்னாலேயே வரவேண்டும். ஸ்லாக் ஆர்க்கை முந்தி ஓடினால் நீங்கள் இரும்பின் மேல் அல்ல, ஸ்லாக்கின் மேல் ஓட்டுகிறீர்கள். பார்க்க அழகான பீட் வரும், உள்ளே ஒட்டியிருக்காது.

முந்துவதற்குக் காரணம் நான்கில் ஒன்று: கரன்ட் குறைவு, ஆர்க் நீளம், ராடு நேராக நிற்பது, பட்டை முன்பக்கம் சரிந்திருப்பது. முதலில் ஆர்க்கைக் குறுக்குங்கள், பிறகு சாய்வைக் கூட்டுங்கள், அதற்குப் பிறகுதான் 5 ஆம்ப் ஏற்றுங்கள். இரும்புக்கும் ஸ்லாக்குக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குப் பிடிபடும்வரை முதலில் ஒரு கழிவுத் துண்டில் பத்து ராடாவது ஓட்டிப் பாருங்கள். ஒரு ராடுக்கு 15 முதல் 20 செ.மீ. பீட் வந்தால் வேகம் சரி. அதைவிட நீளமாக வந்தால் அவசரப்படுகிறீர்கள்.

ஒவ்வொரு பீடுக்கும் பிறகு ஸ்லாக்கைத் தட்டி, கம்பி பிரஷ் போட்டு வெள்ளி நிறம் வந்தபின்தான் அடுத்தது. தட்டும்போது தெளிவான கண்ணாடி போடுங்கள், சூடான ஸ்லாக் கண்ணுக்குத்தான் தெறிக்கும். V நிரம்ப மூன்று, நான்கு பீட் ஆகும். பிறகு திருப்பி, அடிப்பக்கத்தைக் கறுப்புக் கோடு மறையும்வரை கிரைண்டரால் தோண்டி, ஒரு பீட் போடவும். இதைத் தவிர்க்காதீர்கள், வேர் (V-யின் அடிப்பகுதி) ஒட்டாத ஜாயின்ட் பெரும்பாலும் இங்கேதான் தெரியவரும்.

வளைத்துப் பார்ப்பது

இணைப்புக்குக் குறுக்கே 25 மி.மீ. அகலத்தில் ஒரு கீற்று அறுத்து, வெல்டு வாய்க்குச் சற்று மேலே இருக்கும்படி வைஸில் பிடித்துச் சுத்தியலால் அடியுங்கள். ஒரு கீற்றை முன்பக்கம், இன்னொன்றைப் பின்பக்கம். விரியாமல் மடங்கினால் சரி. பிளந்தால் உள்ளே பாருங்கள்: கறுப்புக் கண்ணாடித் துணுக்கு என்றால் ஸ்லாக், ஊசி ஓட்டைகள் என்றால் ஈரமோ எண்ணெயோ, அரைத்த சரிவு உருகாமல் அப்படியே தெரிந்தால் கரன்ட் போதவில்லை.

பின்சேர்க்கை

நீளமான எக்ஸ்டென்ஷன் வயரில் ராடு அடிக்கடி ஒட்டினால் வயர்தான் காரணமாக இருக்கும். 2.5 ஸ்கொயர் எம்.எம்.முக்குக் குறைந்த வயர் வேண்டாம்; சுருளை முழுவதும் பிரித்துவிடுங்கள், சுற்றியபடியே இருந்தால் சூடேறி உருகும். 2.5 ராடுக்கு 16 ஆம்ப் பிளக் தாங்கும், 3.15 ராடுக்குத் தனி லைன் இழுங்கள்.

ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) பைப்பில் பழகலாமா என்றால், வேண்டாம். துத்தநாகப் புகையை மூச்சில் இழுத்தால் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வரும். செய்தே ஆகவேண்டுமென்றால் பூச்சை இருபுறமும் 50 மி.மீ. வரை அரைத்து எடுத்துவிட்டு, திறந்தவெளியில், காற்று முதுகுப் பக்கமோ எதிரிலோ அல்லாமல் பக்கவாட்டில் அடிக்கும்படி நின்று செய்யுங்கள். பெட்ரோலோ எண்ணெயோ இருந்த டிரம்மைக் கழுவியிருந்தாலும் தொடாதீர்கள்.