எட்டுக் கோர் புரொசசர் எத்தனை வாட் எடுக்கும்? அளந்து பார்க்கும் முறை

ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கத்து வயலோரங்களில் யானையின் உறுமலைக் கேட்டு எச்சரிக்கும் கருவி வைக்க வேண்டுமென்றால், அங்கே சூரியப் பலகையையும் பற்றரியையும்தான் நம்பியிருக்க வேண்டும். அந்த உறுமல் 20 ஹேர்ட்ஸுக்குக் கீழும் இறங்கும். பல ஒலிவாங்கிகளை ஒரே நேரத்தில் கேட்டுப் பிரித்தறிய, டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் சி6678 போன்ற எட்டுக் கோர் சமிக்ஞைப் புரொசசர், அதாவது ஒரே சில்லில் தனித்தனியே கணிக்கும் எட்டுப் பகுதிகள் உள்ளது, நல்ல தெரிவு. ஆனால் அது எடுக்கும் வலுவை அறியாமல் பற்றரி வாங்கக்கூடாது.

படி 1: தடையியைத் தெரிவு செய்தல்

கோருக்குப் போகும் மின்பாதையில் சிறிய தடையி ஒன்றைத் தொடராக வைத்து, அதன் இரு முனைக்கும் இடையிலான வோல்ட்டளவை அளந்தால் மின்னோட்டம் கிடைக்கும். இந்தச் சிறிய வோல்ட்டளவை அளக்கும் சில்லு ஐஎன்ஏ226. கடையில் கிடைக்கும் அதன் மொடியூல்கள் பலவற்றில் 'ஆர்100' என்று அச்சிட்ட தடையி இருக்கும். அது 0.1 ஓம். கோர் வோல்ட்டளவே ஏறத்தாழ 1 வோல்ட். 10 அம்பியர் ஓடினால் அந்த 1 வோல்ட்டும் தடையியிலேயே போய்விடும். அதைக் கழற்றிவிட்டு 'ஆர்002', அதாவது 2 மில்லிஓம் போடுங்கள். 10 அம்பியருக்கு 20 மில்லிவோல்ட்தான் விழும். ஐஎன்ஏ226 2.5 மைக்ரோவோல்ட் வரை பிரித்தறிவதால் அது தாராளமாகப் போதும்.

அளவுக் கம்பிகளைத் தடையியின் உள்விளிம்பிலேயே ஈயம் வைத்து ஒட்டுங்கள். சற்றுத் தள்ளி ஒட்டினால் ஈயத்தின் தடையும் கணக்கில் சேரும். 2 மில்லிஓமுக்குப் பக்கத்தில் அது சிறிய தொகையல்ல. கோர் வோல்ட்டளவைப் புரொசசருக்கு அருகிலுள்ள கொள்ளளவியில் அளவுங்கள். அதை மின்னோட்டத்தால் பெருக்கினால் வாட் கிடைக்கும்.

படி 2: ஒவ்வொரு கோராக எழுப்புதல்

எல்லாக் கோர்களையும் உறங்க வைத்து அளவுங்கள். வெறும் சுழற்சிக் கட்டளையில் காத்திருக்கும் கோர் உறங்கும் கோர் ஆகாது, அதுவும் மின்சாரம் எடுக்கும். பிறகு ஒரே வடிகட்டி நிரலை ஒரு கோரில், இரண்டில் என்று ஓடவிடுங்கள். உதாரணத்துக்கு உறக்கத்தில் 3.0, ஒரு கோரில் 3.8, இரண்டில் 4.6 வாட் என்று வந்தால், எட்டுக்கும் 9.4 வாட் என மதிப்பிடலாம். நேரில் அளந்தால் 10 வாட்டும் வரலாம். சூடேறியதால் கூடிய கசிவும் (வேலை செய்யாதபோதும் சில்லுக்குள் ஒழுகும் மின்னோட்டம்), பொது நினைவகத்துக்கான போட்டியும் அந்த மிச்சத்துக்குக் காரணமாகலாம்.

படி 3: கசிவைப் பிரித்தல்

கோர் வேலை செய்வதால் எடுக்கும் இயங்கு வலு மீடிறனுக்கும் வோல்ட்டளவின் வர்க்கத்துக்கும் விகிதசமமானது. கசிவு மீடிறனைப் பார்ப்பதில்லை. ஆகவே வோல்ட்டளவை மாற்றாமல் இரண்டு மீடிறன்களில் அளவுங்கள். 1 கிகாஹேர்ட்ஸில் 10 வாட், 500 மெகாஹேர்ட்ஸில் 6.2 வாட் என்றால் வித்தியாசம் 3.8. அது பாதி மீடிறனுக்குரிய இயங்கு வலு. முழு மீடிறனில் இயங்கு வலு 7.6, கசிவு 2.4.

தொடக்கநிலையாளர்கள் இடறுவது இந்த இடத்தில்தான். மீடிறனைக் குறைத்ததும் சில்லு குளிரும், குளிர்ந்ததும் கசிவு குறையும். அதனால் இரண்டாவது அளவீடு 5.8 வாட் என்று வந்தால் கணக்கு 8.4, 1.6 என்று புரண்டுவிடும். சில்லின் உள்வெப்பநிலையைப் படித்து, இரண்டு முறையும் அது ஒன்றாய் இருக்கும்படி விசிறியைக் கூட்டிக் குறையுங்கள். வெப்பநிலை எழுதாத வலு அளவீட்டை நான் ஏற்பதில்லை.

வோல்ட்டளவை 1.0 இலிருந்து 0.9 ஆக்கினால் அதே மீடிறனில் இயங்கு வலு 19 சதவீதம் குறையும். ஆனால் அந்த மீடிறனுக்கு அந்த வோல்ட்டளவு போதுமா என்பதைத் தரவுத்தாளில் பார்த்துவிட்டே குறைக்க வேண்டும்.

படி 4: வெயிலில் ஒரு தடவை

குளிரூட்டிய அறையில் எடுத்த எண் சோளகக் காலத்து வன்னி வெயிலுக்குப் பொருந்தாது. மூடிய பெட்டிக்குள், நண்பகலில், எட்டுக் கோரும் ஓடும்போது அளவுங்கள். பெட்டிக்குள் 55 பாகை, வெப்பத்தகட்டோடு சில்லு வாட்டுக்கு 4 பாகை கூடுதலாகச் சூடேறும் என்றால், 10 வாட்டுக்குச் சில்லு 95 பாகையைத் தொடும். அப்படியானால் கோர்களைக் குறையுங்கள், அல்லது தகட்டைப் பெரிதாக்குங்கள்.

பற்றரிக் கணக்கு எளிது. பற்றரி வோல்ட்டளவைக் கோருக்கு ஏற்றபடி இறக்கும் ஒழுங்காக்கியின் திறன் 85 சதவீதமென்றால் 10 வாட்டுக்குப் பற்றரியிலிருந்து 11.8 வாட் போகும். பன்னிரண்டு மணி நேர இரவுக்கு, 12 வோல்ட்டில், கோருக்கு மட்டும் ஏறத்தாழ 12 அம்பியர்மணி. நினைவகத்தின் பங்கை இதே முறையில் அளந்து இதனுடன் கூட்டுங்கள்.