பாகான் டத்தோ கரையில் கடல்நீரின் பிஎச் அளக்க ஓர் ஒளி உணரி

பிஎச் என்பது நீரின் அமிலத்தைக் காட்டும் எண்; அமிலம் கூடினால் எண் இறங்கும். கடையில் வாங்கிய கண்ணாடி மின்முனையைப் பேராக் மாநிலத்துப் பாகான் டத்தோ படகுத்துறையில் நீரில் அமிழ்த்தினால் அந்த எண் கிடைக்கும். காற்றின் கரியமில வாயு கரைவதால் கடல் அமிலமாதலைக் கண்காணிக்க அது போதாது. தொழிற்புரட்சிக்கு முன்பிருந்து இன்றுவரை உலகக் கடல்மேற்பரப்பின் சராசரி பிஎச் ஏறத்தாழ 8.2இலிருந்து 8.1க்குத்தான் இறங்கியிருக்கிறது. நன்னீருக்கான தாங்கல் கரைசலில் (பிஎச் எளிதில் மாறாத கரைசலில்) சரிபார்த்த மின்முனையோ உப்புநீரில் அதே 0.1 அளவுக்கே பிழை காட்டக்கூடும். ஆகவே பிஎச்சுக்கேற்ப நிறம் மாறும் சாயத்தை நம்புவதே மேல்.

மெட்டா கிரெசால் பர்ப்பிள் என்னும் சாயத்தின் அமில வடிவம் 434 நானோமீட்டரிலும் கார வடிவம் 578 நானோமீட்டரிலும் ஒளியை மிகுதியாக உறிஞ்சும். இவ்விரு உறிஞ்சல்களின் விகிதத்திலிருந்து பிஎச்சைக் கணக்கிடலாம். வெளியொளி புகாத கறுப்புப் பெட்டிக்குள் சதுரக் கண்ணாடிக் குப்பியை நிறுத்தி, ஒரு பக்கம் நீல, மஞ்சள் எல்.இ.டி. விளக்குகளையும் எதிர்ப்பக்கம் ஒளி உணரும் டையோடையும் பொருத்தி, ஆர்டுயினோ என்னும் சிறு மின்னணுக் கட்டுப்பாட்டுப் பலகையுடன் இணையுங்கள். எல்.இ.டி. ஒளி ஒற்றை அலைநீளத்தில் நிற்காது. ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்து அளக்கும் ஆய்வக நிறமாலைமானிக்கு வகுத்த சமன்பாட்டை அப்படியே இதில் போட்டால் தவறு வரும். செயற்கைக் கடல்நீரில் கரைத்த டிரிஸ் தாங்கலைக் கொண்டு கருவியைத் திருத்திக்கொள்ள வேண்டும். உவர்ப்பு 35 (ஒரு கிலோ நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு), வெப்பநிலை 25 பாகை செல்சியஸ் எனில் அந்தத் தாங்கலின் பிஎச் ஏறத்தாழ 8.09. நம் ஊர் வெக்கையில் அது கணிசமாக இறங்கும் என்பதால் வெப்பமானி இல்லாமல் தொடங்காதீர்கள்.

மாதிரியைக் கண்ணாடிப் புட்டியில் குமிழியின்றி வழியவிட்டு நிரப்பி, உடனே மூடி, அன்றே அளந்துவிடுங்கள். திறந்த வாளியில் வைத்திருந்தால் கரியமில வாயு வெளியேறவோ உள்ளே கரையவோ செய்து பிஎச்சை மாற்றிவிடும்.

நம் கரைக்கே உரிய தொல்லை வேறொன்று. மட்கிய தாவரங்களாலான கரிமண் நிலத்துச் செம்பனைத் தோட்டங்களைக் கடந்துவரும் வாய்க்கால் நீர் தே ஓ (பாலில்லாத் தேநீர்) நிறத்தில் இருக்கும்; அந்த நிறம் நீல ஒளியைத் தானே உறிஞ்சிவிடும். எனவே மாதிரியை வடிகட்டாமல் சேறு படியவிட்டு, சாயம் இடுவதற்கு முன் ஒருமுறையும் இட்டபின் ஒருமுறையும் அளந்து, முன்னதைக் கழிக்க வேண்டும். இந்தப் படியைத் தவிர்த்து எடுத்த அளவுகளை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. சாயமும் நீரின் பிஎச்சைச் சிறிது அசைக்கும். இரண்டாம் முறை கூடுதலாக இட்டு அளந்தால், சாயமே இல்லாத நிலையின் மதிப்பைக் கணித்துவிடலாம்.

பேராக் ஆற்றின் முகத்துவாரத்தில் அலை ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் உவர்ப்பு மாறுவதால், ஒவ்வோர் அளவோடும் நேரம், வெப்பநிலை, உவர்ப்பு ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். அமிலத்தை ஈடுகட்டும் நீரின் திறனான மொத்தக் காரத்தன்மையையும் அமிலத் தரம்பார்த்தலால் (அமிலத்தைச் சிறிது சிறிதாக அளந்து சேர்க்கும் முறையால்) அளந்தால்தான், இறங்கிய பிஎச் காற்றின் கரியமில வாயுவாலா வாய்க்கால் நீராலா என்று ஆராய வழி பிறக்கும்.